பஞ்சை எடுத்த கையோடு சொன்னது

பெண்கள் வார்டு நர்ஸுக்குப் பாதி வேலை திரைக்குப் பின்னால்தான்: டாக்டருக்குத் தட்டை நீட்டுவது, நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது. இந்த உத்தியோகத்தில் என்னோடு சேர்ந்து அல்லாடிய சகோதரிகளே, எழுபதுகளில் திருத்தணியில் நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரியும்.

விரல் பார்த்த சோதிடம்

அப்போது எங்களுக்கு ஸ்கேன் ஏது? கர்ப்பப்பை வாயில் புற்று வந்தால், அது பக்கத்துச் சதைக்குப் பரவியிருக்கிறதா என்பதை எங்கள் லேடி டாக்டர் கையுறை போட்ட விரலால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்வார். பக்கத்துச் சதை மெத்தென்று இருந்தால் மெட்ராஸில் ஆபரேஷன், பிழைக்க வழியுண்டு. கெட்டிப்பட்டிருந்தால் ஆபரேஷன் கிடையாது. ரேடியம் சிகிச்சைதான், ஊரில் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள்.

அம்மையார்குப்பத்திலிருந்து நாகரத்தினம் வந்தாள். தறி நெய்கிறவள், நாற்பது வயது, இரண்டு மாதமாக விட்டுவிட்டு ரத்தப்போக்கு. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "புற்றாட்டம்தான் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் மெத்துன்னு இருக்கு, நல்ல நேரத்துல வந்துட்டா" என்று என் காதோரம் சொன்னார். எனக்கே பெரிய நிம்மதி. வெறும் விரலில் என்ன தெரியும் என்று நாகரத்தினம் கேட்பாளோ என்று பார்த்தேன்.

"நூல்ல முடிச்சு கீதான்னு நாங்களும் விரலாலதானேம்மா பாக்கறோம்" என்றாள்.

துணுக்குச் சதை

பரிசோதனைக்கு அனுப்ப டாக்டர் ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுத்தார். ரத்தம் நிற்கப் பஞ்சு வைத்து அடைத்தோம். மறுநாள் அதை எடுத்தவள் நான்தான். ரத்தம் நின்றிருந்தது. "சரியாப் போச்சு, பயப்படாத" என்றேன். நாம் எல்லோருக்கும் சொல்வதுதானே! பத்து நாள் கழித்து வா, ரிசல்ட் பார்த்து மெட்ராஸுக்குச் சீட்டு தருவார்கள் என்றும் சொன்னேன். முதலில் சொன்னதுதான் அவள் மனதில் ஏறியது.

ரிசல்ட் புற்று என்றே வந்தது. கார்டு போட்டோம். ஆள் வரவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, நாலு மாதம் கழித்துப் புருஷனோடு வந்தாள். டாக்டரின் விரல் இடது பக்கத்திலேயே நின்றுவிட்டது. சதை எலும்பு வரைக்கும் கெட்டியாகியிருந்தது. இனி ஆபரேஷன் இல்லை. கார்டு போட்டும் ஏன் வரவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கெட்டதை அன்னிக்கே வெட்டி எட்த்துட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. சிஸ்டர் சரியாப் போச்சின்னாங்க, ரத்தமும் நின்னுபோச்சி. நல்லா ஆன ஒடம்ப எதுக்கு மறுபடி வெட்டிக்கணும்னு இருந்துட்டேன்."

அதே ஜாடை

மெட்ராஸில் கரண்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை. விசாரிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் காலை, புற நோயாளிகள் வரிசையில் அதே ஜாடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாகரத்தினத்தின் தங்கை. வெள்ளைப்படுகிறது என்று வந்திருந்தாள். நான்தான் அவளைப் படுக்க வைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "வெறும் புண்தான், மருந்துல ஆறிடும்" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நல்ல சேதியை உடனே சொல்லிவிடலாம் என்று அவள் பக்கம் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க சொல்லாதீங்க சிஸ்டர். அக்கா சாகறதுக்கு முன்ன என்கிட்டயும் அவங்க வூட்டுக்காரர் பாவாகிட்டயும் சொல்லிட்டுத்தான் பூட்டாங்க. அந்த சிஸ்டரம்மா ரொம்ப நல்லவங்க, ஆறுதலாப் பேசுவாங்க, அதைக் கேட்டுகினு எழுந்து வந்துடாத, டாக்டர் வாயால கேட்டுகினு வான்னாங்க."

முப்பது வருஷ சேவையில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இது ஒன்றுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.