காட்டுக்கு ஒரு மணி நேரம்

காட்டைப் பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. மாமா இரண்டு நாளில் ஆரம்பித்தார். அப்பா அதை வெட்டி வெட்டி ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் மைசூரிலேயே சுற்றுலாக் கார் ஓட்டுகிறவர். தசராக் கூட்டம் வடிந்த பிறகு, டீசல் மட்டும் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போகலாம் என்று அவருடைய முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால், திட்டம் போடுகிற பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். நாகரஹொளேக்கு ஒரு நாள், பண்டிப்பூருக்கு ஒரு நாள் வேண்டும் என்றேன். விடியற்காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் உள்ளே இருந்தால்தான் மிருகங்கள் கண்ணில் படும், இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஓடுகிறவன் மரத்தை மட்டும்தான் பார்ப்பான் என்று எங்கள் மேஷ்ட்ரு வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

அப்பா கொத்தனார். கைகால் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். முதலில் நாகரஹொளே போயிற்று, ரோடு சரியில்லை என்றார். மறுநாள் இரவு தங்குவது போயிற்று. அதற்கு மறுநாள் விடியற்காலை போயிற்று. அம்மாவுக்கு ஒரு ஆசைதான் இருந்தது. டிவியில் மட்டுமே பார்த்த குட்டி யானையை நேரில் ஒருதரம் பார்க்க வேண்டும். சஃபாரி பஸ்ஸிலாவது ஏறிப் பார்த்துவிட்டு வரலாமுங்க என்றாள். அதுவும் வேண்டாமாம். காட்டுக்கு நடுவில் போகிற ரோட்டில் போய், அப்படியே திரும்பிவிட வேண்டுமாம்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏழாவது மாடிச் சாரத்துல நின்னு பீடி பத்தவைக்கிற ஆளு நீங்க மச்சான். காட்டுக்குப் போறதுக்கு மட்டும் ஜாதகம் பாக்கறீங்களே."

அப்பா சிரிக்கவில்லை. "உச்சி வெயில்ல போலாம். அப்ப அதுக நெழலுக்குள்ள நிக்கும், ரோட்டுக்கு வராது. தண்ணிக்கு எறங்கற நேரத்துக்கு முன்னால நாம வெளிய வந்தரோணும்."

ஊரில் எல்லோரும் மிருகங்களைப் பார்ப்பதற்கு நேரம் குறிப்பார்கள். எங்கள் அப்பா எதுவும் கண்ணில் படாமல் திரும்புவதற்கு நேரம் குறித்தார். செங்கல்லும் சிமெண்டுமாகத் திரிகிற மனிதருக்கு யானையின் பொழுது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் மாதேஸ்வரன் மலை அடிவாரத்துக்காரர் என்பது தெரியும். ஆனால் மலைக்குப் போகிற பஸ் அவருடைய ஊர் விலக்கில் நின்றாலும் அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் ஒரு முடிவு கட்டிவிட்டேன். அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு தாண்டி, குண்டலுப்பேட்டையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். செக்போஸ்ட்டில் இருந்தவர் உள்ளே எங்கேயும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினார். அம்மா முன் சீட்டில். அப்பாவும் நானும் பின்னால். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ரோட்டோரம் வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அப்பா எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. மாமாவின் தோளுக்கு மேலாக, ரோடு வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போகும்போது கண்ணில் பட்டது கொஞ்சம் புள்ளிமான், ஒரு மயில். மாநில எல்லை வரைக்கும் போய்த் திரும்பினோம். "சந்தோசம்தானுங்க மச்சான்? ஒரு மொசல்கூட நம்ம வண்டிக்கு முன்னால வரல" என்றார் மாமா.

திரும்புகிற வழியில்தான் மேகம் கட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அணைந்து, மத்தியானம் சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. அப்பா போட்ட கணக்கில் மழை இல்லை. சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்றார். வேகத்தடைக்கு மேல் வேகத்தடையாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று, "கண்ணாடிய ஏத்து" என்றார். வெளியே ஒன்றும் இல்லை. எனக்கு மண் வாசனை மட்டும்தான் அடித்தது. அவருக்கு வேறு ஏதோ வாசனை அடித்திருக்கிறது.

அடுத்த வளைவில் நின்றது. நடு ரோட்டில், பக்கத்தில் குட்டியோடு. அம்மா, "ஐயோ, குட்டிங்க" என்று உருகிவிட்டாள். மாமா ஒரு கையில் போனை எடுத்துக்கொண்டு வண்டியை மெல்ல முன்னால் நகர்த்தினார்.

"பின்னால எடு" என்றார் அப்பா. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

எடுக்க முடியவில்லை. பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டி நின்றிருந்தது. யானை எங்கள் பக்கம் திரும்பியது. காதுகள் இரண்டும் விரிந்தன. நான் பார்த்தது அவ்வளவுதான். அப்பா என்னைக் கீழே இழுத்து, சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே கவிழ்ந்துவிட்டார்.

இருட்டு. அந்தப் பிளிறல் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில்தான் விழுந்தது. வண்டியே அதிர்ந்தது. அம்மா மாதேஸ்வரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூரையில் மழை விழ ஆரம்பித்தது. அதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது மேலே கிடந்த உடம்புதான். ஏழாவது மாடியில் ஒற்றைப் பலகை மேல் அசையாமல் நிற்கிற உடம்பு, காய்ச்சல்காரன் போல் உதறிக்கொண்டிருந்தது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. என் காதோரம் அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

"எந்திரிக்காத குமாரு. அண்ணன் இருக்கறனல்ல. ஓடாத சாமி, எந்திரிக்காத."

யானை நாலு எட்டு ஓடிவந்து நின்றதாம். ரோட்டில் காலைத் தேய்த்ததாம். பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு செடிக்குள் போய்விட்டதாம். எல்லாம் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். போயிருச்சு மச்சான், போயிருச்சு என்று மாமா இரண்டு மூன்று தரம் சொன்ன பிறகும் அப்பா என் மேலிருந்து எழவில்லை. அம்மா தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார். முகம் முழுக்க ஈரம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் காட்டு யானை எதிரில் வந்து நின்றபோது நான் பார்த்தது கால்மிதியைத்தான். "என் பேரு குமார் இல்லப்பா" என்று அழுதேன்.

யாரும் சிரிக்கவில்லை. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மாமா ரோட்டைப் பார்த்துக் கியரைப் போட்டார். அம்மா முன் சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி அப்பாவின் முழங்காலில் வைத்தாள். எங்கள் முன்னால் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. குண்டலுப்பேட்டை வரும்வரைக்கும் கையை எடுக்கவில்லை.

பயத்தில் பெற்ற பிள்ளையின் பேரே மறந்துபோய்விட்டது இவருக்கு என்று நினைத்தேன். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்றும், என் வயதிலேயே அவர் காட்டோரத்தில், யானை எதிரில் நிற்கும்போது அண்ணனின் கையை உதறிவிட்டு எழுந்து ஓடினார் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. வகுப்பில் பையன்கள் கேட்டால் யானை எவ்வளவு உயரம் என்று சொல்வது என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை.