மூன்றாவது கதவின் நிழல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். வாதாட எனக்குத் தெம்பு இல்லை. போன டிசம்பரில், கனடாவின் மொன்றியலில், எனக்கே நடந்தது இது.

வீடியோ கேமில் வெளிச்சம் ஆடுபவரின் கண்ணை எப்படி இழுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சோதனைக்காக நான் குடியிருக்கும் கட்டடத்தின் நடைவழியையே கம்ப்யூட்டரில் அச்சு அசலாக உருவாக்கினேன். ஐந்து கதவுகள். கோடியில் பளிச்சென்று ஒரு விளக்கு. எல்லோருடைய கண்ணும் அந்த விளக்குக்குத்தான் போகவேண்டும். கண் எங்கே போகிறது என்று ஒரு சின்ன கேமரா குறித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைக்குள் முடிவைத் தராவிட்டால் என் நான்கு வருட உழைப்பு வீண்.

செவ்வாய், மாலை 4.10. இங்கே குளிர்காலத்தில் அந்நேரமே வெளியே இருட்டத் தொடங்கிவிடும். சோதனைக்கு வந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் கோடி விளக்கைப் பார்க்கவில்லை. எல்லோரும் மூன்றாவது கதவின் அடியையே பார்த்தார்கள்.

திரையில் பெரிதாக்கினேன். கதவிடுக்கில் மஞ்சளாக ஒரு கீற்று. அழகுக்காக ஐந்து கதவுகளுக்கும் நான் வைத்ததுதான். ஆனால் மூன்றாவதில் மட்டும் ஒரு நிழல்... அசைந்தது.

ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசை ரெமிக்கு ஒரே சிரிப்பு.

“எதையோ மறைச்சுட்டு நிழலை அணைக்க மறந்துட்டே. முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு, நொயேமி!”

“அங்க நான் ஒண்ணுமே வைக்கலடா.”

“நல்லாத் தேடு. பூனை கீனை இருக்கும்.”

எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறுதான். பொருளை மறைத்தாலும் அதன் நிழல் தங்கிவிடும். பட்டியலில் இருந்த 412 பொருட்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தூக்கம் கெட்டு மரத்துப்போயிருந்தேன்.

புதன், 4.10. மறுபடியும் அசைந்தது. இடமும் வலமுமாக. விரல்கள்... ஐந்து. எண்ண முடிந்தது.

வியாழன், 4.10. அசைவு மெதுவாகிவிட்டது.

சோதனைக்கு வந்த பெண் திரையிலிருந்து விலகி உட்கார்ந்தாள்.

“அந்தக் கதவை எப்படித் திறக்கறது?”

“திறக்காதுங்க. வெறும் படம்.”

“உள்ள யாரோ இருக்காங்க.”

அவள் போய்விட்டாள்.

4.32. அந்தக் கதவின் வெளிச்சத்தை அணைத்தேன்.

நிழல் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கோடி விளக்கைத்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவைக் கொடுத்தேன். ரெமி கை தட்டினான்.

சனிக்கிழமை காலை 9.15. என் கட்டடத்தின் நடைவழியில் போலீஸ்.

மூன்றாவது கதவு திறந்திருந்தது.

அங்கே தனியாக இருந்த பெரியவர், பெலவான்ஸ். திங்கட்கிழமை பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். கத்தக் குரல் எழவில்லை. வியாழன் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

“தினமும் இந்த வழியாத்தானே போறீங்க? ஒண்ணும் கண்ணுல படலையா?” என்று கேட்டார் போலீஸ்காரம்மா.

“இல்லீங்க.”

அவர் தரையைக் காட்டினார். மேசை விளக்கைக் கதவடிவரை இழுத்து வந்து வைத்திருந்தார் பெலவான்ஸ். வெளியே போகிறவர்கள் பார்க்கட்டும் என்று அதன் முன்னால் கையை ஆட்டியபடியே கிடந்திருக்கிறார்.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரத்தில் நான் அந்தக் கதவைப் பத்து முறை தாண்டிப் போயிருக்கிறேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.