மாதம்மாக்கா கேட்ட வழி

"மாதம்மாக்கா போய்ட்டாங்கோ" என்று போன் வந்தபோது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பஸ் வந்தும் ஏறத் தோன்றவில்லை. பாகலூர் ரோஜாப் பண்ணையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அந்தக் காலை அப்படித்தான் விடிந்திருக்கும்.

சிவகங்கையிலிருந்து பிழைக்க வந்த எனக்கு இந்தப் பக்கத்தில் முதலில் சோறு போட்டவர் அவர். இருளர் காலனியில் அவர் வீடு. அந்தக் காலனிக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. பிணத்தை இடுகாட்டுக்குத் தூக்கிப்போக வழி கிடையாது. பழைய தடத்தை ஒரு கம்பெனிச் சுவர் மறித்துவிட்டது. மிச்சமிருந்தது சாக்கடைக் கால்வாய்தான். தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் வழி தருவதாகச் சொன்னார்கள். காலனி கூடிப் பேசி ஒரே சின்னத்துக்குப் போடுவது வழக்கம். ஜெயித்தவர் அப்புறம் எட்டிப் பார்த்ததில்லை.

ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்தவர், "இது கொத்து ஓட்டு, நமக்குத்தான்" என்று தன் ஆட்களிடம் சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் பூ தரம்பிரிக்கும்போதும் அவருக்கு ஆறவில்லை; என்னிடம் பொரிந்தார்.

"கொத்தாமே செல்வி! நாங்க இன்னா கறிவேப்பிலையா? கொழம்புக்கு வேணும், திங்கும்போது தட்டோரமா?"

போன தேர்தலில் காலனி கூடியபோது அவரே எழுந்து சொன்னார்: "இந்த வாட்டி அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடுங்க. யாருக்குப் போட்டோம்னு தெரியலன்னா, எல்லாரும் பயந்து நம்மள தேடி வருவாங்கோ."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நடந்தது வேறு. ஜெயித்தவரிடம் வழி கேட்கப் போனால், "நீங்க எங்களுக்கா போட்டீங்க?" என்றார். தோற்றவரும் அதையே சொன்னார். காலனியில் சிலர் அக்காவுக்கு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

"என் ஓட்டு என்னுதுன்னு நெனச்சது தப்பா செல்வி?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பண்ணையே அதிரச் சிரிக்கும் மனுஷி அதன்பின் வாய் திறப்பதே அரிதாகிவிட்டது.

அவரையும் அந்தக் கால்வாயில் இறங்கித்தான் கொண்டுபோனோம். முழங்கால் சாக்கடையில் பாடை சாய்ந்தபோது வாய்விட்டு அழுதேன். திரும்பி வந்து கரையேறியதும், கால்வாயில் இறங்காமல் அங்கேயே நின்றுவிட்ட கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "இனிமே இங்க யார் சொன்னா ஓட்டு விழும்?"

"யார் சொன்னாலும் விழாது" என்றேன். நான் அப்படி வெடுக்கென்று பேசுகிறவள் இல்லை. அக்காவின் கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. வழிதான் இன்னும் இல்லை.