எரிமலைக்கு முதுகு காட்டி எடுத்த படம்

வெயில் பளிச்சென்று அடிக்கும் காலையில் குடையை விரித்துக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் இப்போது இருக்கும் இத்தாலியின் கத்தானியாவில் அது சாதாரணம். எட்னா எரிமலை இருமினால் ஊர் முழுக்கக் கருப்புச் சாம்பல் பொழியும். கீழ்வீட்டு அம்மா அதைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டிவிட்டு, "அவள் புரண்டு படுக்கிறாள், அவ்வளவுதான்" என்பார். மலை இங்கே பெண்பிள்ளை. எங்கள் சிவகாசிப் பக்கம் நெருப்பை இப்படிச் செல்லம் கொஞ்சினால், மறுநாள் அந்த ஆளைக் கம்பெனி வேனில் ஏற்றமாட்டோம்.

சொல்கிற நான், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினோரு வருஷம் போர்மேனாக இருந்தவன். மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவளோடு வந்து ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கிறேன். கூடவே வந்தது ஒரு பழைய கேமரா. சிவகாசியில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் சிநேகிதன் முருகேசன் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு இவ்வூர் போட்டோ கிளப்பில் சேர்ந்தேன். வருஷம் ஒருமுறை கண்காட்சி. தலைப்பு எப்போதும் "இரவில் மலை"தான். ஆளுக்கு ஒரு படம். இரண்டு வருஷமாக என் படம் தேறவில்லை. துணி வெளுக்கிறவன் என்று மட்டுமே என்னைத் தெரிந்த ஊரில், ஒரே ஒரு படமாவது சுவரில் தொங்க வேண்டும் என்ற வெறி எனக்கு.

இந்த முறை மலை சரியாகவே கனிந்தது. வழிகாட்டியோடு சேர்த்துப் பதினாலு பேர் போனோம். மலையைப் பார்க்கக் கேமரா முக்காலியை நட்டு, ஃபோகஸ் பண்ணி, குளிரில் பல் கிட்டக் காத்திருந்தேன். நெருப்பு பொங்கியது. தென்னை உயரமா, பனை உயரமா, அளவு சொல்லத் தெரியவில்லை. சத்தம் பிந்தித்தான் வந்தது. "டம்" என்று நெஞ்சில் வந்து விழுந்ததுதான் தாமதம், நான் முக்காலியோடு அப்படியே திரும்பிவிட்டேன். மலைக்கு முதுகு. எனக்குப் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். விரல் பாட்டுக்குப் பொத்தானை அமுக்கியிருக்கிறது. எண்ணி முடித்துத் திரும்பினால், மலையை மேகம் மூடிவிட்டது. விடியும்வரை விலகவில்லை.

ஏன் திரும்பினேன் என்று கேட்டால் என்ன சொல்ல? ஆலையில் எந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் போர்மேன் புகையைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியில் எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று எண்ண வேண்டும். ஒரு தடவை, அடுத்த ஆலையில் மருந்து வெடித்தபோது, எங்கள் ஆட்களில் ஒன்று குறைந்தது. மூன்று தடவை எண்ணினேன். குறைந்தது என் அக்கா செல்வி. நாலாவது தடவை எண்ணிக்கொண்டு நிற்கிறேன், தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஈரக் கையை உதறிக்கொண்டு வருகிறாள்: "என்னலே, பேயறஞ்சவன் மாதிரி நிக்க?" அன்றைக்கு உடம்பில் ஏறிய பழக்கம், கடல் தாண்டியும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை கிளப்பில் படத்தைத் திரையில் போட்டார்கள். செக்கச் சிவந்த வெளிச்சத்தில் பதிமூன்று முகங்கள். கிளப் தலைவர் சால்வோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், "மலை எங்கே?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் "எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றேன். "எத்தனை வரை?" "பதினாலு." "பதினாலு வினாடி கேமராவைத் திறந்து வைத்தாயா! அதுதான் படம் இப்படிக் கலங்கியிருக்கிறது!" என்று எல்லாருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு அம்மா எழுந்து, "இயற்கையின் முன் மனிதனின் பயம்" என்று பெயர் வைத்தால் தொங்கவிடலாம் என்றார். பயமா? அந்தப் படத்தில் ஒருவர் ரொட்டியை மென்றுகொண்டிருக்கிறார். "யாரும் பயப்படவில்லை, பயந்தது நான்" என்றேன். அடக்கமான பிள்ளை என்று கைதட்டினார்கள். சால்வோவுக்கோ வேறு கவலை: "என் வயிறு இவ்வளவு பெரிதா?"

எரிச்சலோடு முருகேசனுக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ்: "மாப்ள, அம்புட்டுத் தூரம் போயி மொய் எழுத வந்த கூட்டத்த எடுத்திருக்கியே! கவலய விடு, பின்னால நான் ஒரு எரிமல ஒட்டித் தாரேன். ரெண்டு வேணும்னாலும் ஒட்டலாம்." போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

அக்காவுக்கும் காட்டினேன். நாரணாபுரத்தில் வேறொரு ஆலையில் இப்போது திரி வைக்கிறாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "எல்லாரும் இருக்காகளா?"

"இருக்காக அக்கா."

பிறகுதான் பிடித்துக்கொண்டாள். "ஏலே, இவுக மொகத்துல இம்புட்டு வெளிச்சம் அடிக்குன்னா, தீ ஒனக்குப் பின்னாலயா இருந்துச்சு? தீக்கு முதுகக் காட்டிக்கிட்டா நின்ன? இதான் நீ போர்மேனா இருந்த லச்சணமா?"

பயம் என்று பெயர் வைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. எரிமலை ஒட்டவும் விடவில்லை. இந்த வருஷமும் போயிற்று என்றுதான் இருந்தேன். கண்காட்சி அன்று போனால், ஒரு சுவர் முழுக்க மலை, பன்னிரண்டு பேர் எடுத்த நெருப்பு. எதிர்ச் சுவரில், கோட் மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில், சால்வோ மாட்டிவைத்த என் படம். மலைச் சுவரில் இதற்கு இடமில்லை, இதில் மலை இல்லையே என்றார் சால்வோ, சட்டம் பேசுகிற குரலில். வந்தவர்கள் கோட்டுகளை மாட்டியதில் இரண்டு முகம் மறைந்துவிட்டது. படத்தை நானே எடுத்து நகர்த்தி மாட்டினேன். நிமிர்ந்தால், என் படத்து ஆட்கள் அத்தனை பேரும் எதிர்ச் சுவர் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே வெளுத்த சட்டையோடு நான். இந்தப் பக்கம் திரும்பினால் நெருப்புக்கு முதுகு. அந்தப் பக்கம் திரும்பினால் ஆட்களுக்கு முதுகு. மண்டபத்தைப் பூட்டச் சாவியோடு சால்வோ வரும்வரை பக்கவாட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.