மூன்று வெள்ளிக்கிழமை மாத்திரைகள்

மகனைக் குளிப்பாட்டக் குனிந்தாலே புளிப்பும் எரிச்சலும் தொண்டைவரை ஏறி வந்த நாட்கள் அவை. நெஞ்செரிச்சலுக்கான ஒரு மாத்திரையை மருத்துவமனையில் ஆய்வு செய்கிறார்கள் என்று தெரிந்ததும் சேர்ந்தேன். ஒப்புதல் படிவத்தை மூன்று முறை படித்த பிறகே கையெழுத்திட்டேன். எனக்குத் தருவது மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்பது டாக்டருக்கும் தெரியாதாம். எதுவோ, இரண்டாவது வாரத்திலேயே எரிச்சல் குறைந்தது.

தினமும் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு ஒன்று. விழுங்கியதும் அவர்கள் தந்த டைரியில் அன்றைய கட்டத்தில் டிக் அடித்து, எரிச்சல் இருந்ததா என்றும் எழுத வேண்டும்.

ஆடி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நானும் மாமியாரும் மாலைவரை தண்ணீர் மட்டும்தான். உணவே இல்லாத நாளில் உணவுக்கு முன்பு ஏது? மாத்திரையைத் தொடவில்லை. ஆனால் கட்டத்தைக் காலியாக விடவும் மனம் வரவில்லை. பரீட்சையில்கூட ஒரு கேள்வியையும் நான் விட்டதில்லை. மூன்று வெள்ளிக்கிழமையும் டிக் அடித்துவிட்டேன்.

பரிசோதனைக்குப் போகும் நாளில்தான் உறைத்தது. மிச்ச மாத்திரைகளை நர்ஸ் எண்ணுவார். மூன்று கூடுதலாக இருக்கும். பொய் தெரிந்தால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். பழைய எரிச்சல் திரும்பிவிடும். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் நின்றேன்.

"இன்னாம்மா அங்கயே நின்னுட்ட? பஸ்சு போயிடும்" என்றார் மாமியார்.

சொன்னேன்.

"கொட்டிட்டு நிம்மதியா இருந்துடுவியா நீ? கேஸை மூடினோமான்னு பாக்க தெருமுனையிலேர்ந்து திரும்பி வர்ற ஆளு!"

மாத்திரைகளை டப்பாவிலேயே போட்டேன்.

நர்ஸ் எண்ணத் தொடங்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "ஏம்மா, விரதம் ஒனக்கா, மாத்திரைக்கா? சரி, அந்த மூணு நாளும் எரிச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. அத உள்ளபடிதான் எழுதியிருக்கேன்."

"பாத்தியா, நீ சொல்லலன்னா மாத்திரை போட்டும் எரியுதுன்னு இல்ல ஆயிருக்கும்?"

அப்படி நான் யோசிக்கவே இல்லை. அவர் டாக்டருக்குப் போன் செய்தார்.

"தொடரலாமாம்" என்று டைரியை என் பக்கம் தள்ளினார். "அழிக்காத. டிக் மேல ஒரு கோடு மட்டும் போடு. பக்கத்துல உண்மைய எழுதி, கையெழுத்தும் தேதியும் போடு. மூணு எடத்துலயும்."

போட்டேன். "அப்ப வர்ற வெள்ளிக்கிழமை என்ன பண்ணணும்க்கா?"

"சாப்புட்டாலும் சாப்புடாட்டியும் அதே நேரத்துல தண்ணியோட போட்டுக்கணுமாம். கேட்டுட்டேன்."

அதையும் எழுதிக்கொண்டு, சரிதானா என்று அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டினேன்.