ஆறாம் வரியில் ஒரு விரல்

செண்பகவல்லி டீச்சருக்குப் போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசிய ஐந்து பேரும் அவரை அன்பே உருவானவர் என்றார்கள். ஒருவரும் ஓர் உதாரணம் சொல்லவில்லை. டீச்சர் கேட்டிருந்தால், "எந்த வரியில இருக்கு? விரல் வைங்க" என்றிருப்பார். என்னிடம் ஒரு வரி இருந்தது. அன்றைக்கு எழுந்து சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அவருக்கு ஊர் ராயகிரி. தகப்பனாருக்கு அங்கே கொஞ்சம் மானாவாரிக் காடு. ஆசிரியப் பயிற்சி முடித்து வாசுதேவநல்லூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தார். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் தென்காசி நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர் கடைசி வரை இங்கேயே இருந்தார். கோயில் வாசலில் அடிக்கும் காற்றில் எந்தக் குடையும் நிற்காது என்று சாரல் காலத்திலும் குடை எடுக்க மாட்டார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுவார்.

ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் தமிழ் எடுத்தார். அவர் வகுப்பில் யாரும் சும்மா ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு உட்கார முடியாது.

"அந்த ஆளு கஞ்சன், டீச்சர்."

"யாரு சொன்னா?"

"கதையில இருக்கு."

"கதை நாலு பக்கம்லா இருக்கு. எந்த இடம்? விரல் வை."

பிள்ளை தேடும். வகுப்பே தேடும். "கஞ்சன்னு போடல டீச்சர். ஆனா விருந்தாளி வந்ததும் விளக்க அணைச்சான்னு இங்கன போட்டிருக்கு."

"அது போதும். உக்காரு."

விரல் டீச்சர் என்று பிள்ளைகள் பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். நானும் தமிழ் ஆசிரியன்தான்; இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். வாசுதேவநல்லூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது, பதில் தப்பு என்று ஒரு பெண்ணைக் கையில் அடித்துவிட்டாராம். சாயங்காலம் பாடத்தைத் திரும்பப் படித்தபோது அந்தப் பெண் சொன்னது அப்படியே அதில் இருந்ததாம். "மறுநாள் அது வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்தேன் சார். அது சிரிச்சுது. எனக்குத்தான் சிரிப்பு வரல" என்றார்.

நான் சொல்ல வந்தது ஐம்பத்தொன்பது மே மாதம் நடந்தது. எட்டாம் வகுப்புக்கு அப்போது பொதுத்தேர்வு உண்டு. வட்டாரத்து விடைத்தாள்களை எல்லாம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துத் திருத்தினோம். தமிழுக்கு ஆறு ஆசிரியர்கள், ஆயிரத்துச் சொச்சம் தாள்கள். நான் பட்டதாரி என்பதால் என்னைத் தலைமைத் திருத்துநராகப் போட்டிருந்தார்கள். முதல் தடவை. வினாத்தாள் வெளியூரிலிருந்து வந்தது. விடைக்குறிப்பு எழுதியது நான்.

ஒன்பதாவது கேள்வி, ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து அதிலிருந்து பதில் எழுதச் சொல்வது. பகுதியின் சுருக்கம் இது: மலையடிவாரத்தில் ஓர் அருவி. மேற்கே கருமேகம். அருவி நூல் போல விழுகிறது. குளிக்க வந்தவர்கள் பாறையில் துணி காயப்போடுகிறார்கள். மேலே பாறை இடுக்கில் ஒரு குரங்கு தேனடையில் கையை விடுகிறது. காவலர் அண்ணாந்து பார்க்கிறார். துண்டால் தலையை மூடிக்கொண்டு, எல்லாரும் ஓடிவாருங்கள் என்று கத்துகிறார். அத்தோடு பகுதி முடிகிறது. காவலர் ஏன் கத்தினார், பகுதியிலிருந்து காரணம் காட்டுக என்பது கேள்வி. நாலு மதிப்பெண்.

நான் குற்றாலத்தில் பிறந்தவன். கீழே வெயில் அடித்தாலும் மேற்கே கறுத்தால் அருவியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு நடை பழகும்போதே தெரியும். மலை மேல் பெய்த தண்ணீர் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே 'வெள்ளம் வரப்போவதால்' என்று விடைக்குறிப்பில் எழுதினேன். கருமேகத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. என்னை மட்டும் சொல்வானேன்? திருத்திய மற்றவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோரும் வெள்ளம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சர் ஒரு விடைத்தாளோடு என் மேஜைக்கு வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்துக் கட்டு. எண் 217.

"சார், இதை ஒருக்கா படிங்க."

படித்தேன். 'தேனீக்கள் கொட்ட வரும் என்பதால் கத்தினார். ஆறாம் வரியில் குரங்கு தேனடையில் கையை விட்டது. ஏழாம் வரியில் காவலர் தலையை மூடிக்கொண்டார். வெள்ளம் என்றால் தலையை மூட வேண்டாம். நான்காம் வரியில் அருவி நூல் போல விழுந்தது என்றே உள்ளது.'

டீச்சர் வினாத்தாளை விரித்து ஆறாம் வரியில் விரலை வைத்தார். நுனியெல்லாம் சிவப்பு மை.

பக்கத்து மேஜையில் நம்பிராஜன் திருத்திக்கொண்டிருந்தார். கடையநல்லூர்ப் பக்கத்து ஆசிரியர், வாய் சும்மா இராது. எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி பேரே குற்றாலிங்கம். அவுகளுக்குக் கருமேகத்தைக் கண்டா தேனா தோணும்? தண்ணிதான் தோணும்" என்றார்.

"நீரும் வெள்ளத்துக்குத்தான நாலு நாலா போட்டீரு" என்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்தீய, நான் போட்டேன். குரங்கு பண்ணின சேட்டைக்கு நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் சிரிக்கவில்லை. "இந்தப் பிள்ளைக்கு மொத்தம் முப்பத்திமூணு வருது சார். ஒம்பதாங் கேள்விக்குச் சைபர் போட்டா தவறிரும். பொம்பளப் பிள்ள எட்டுல தவறினா அடுத்த வருசம் பள்ளிக்கூடம் ஏது? பீடி சுத்துற தட்டைத்தான் மடியில வைப்பாங்க."

தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அந்த நாலு கிடைத்தால் முப்பத்தேழு.

எனக்கு உடனே தோன்றியது பிள்ளையைப் பற்றிய கவலை அல்ல. விடைக்குறிப்பு தவறு என்று பதிவேட்டில் எழுதினால் அது திருநெல்வேலிக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். விளக்கம் கேட்பார்கள். முக்கால்வாசித் தாள் திருத்தியாகிவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "கட்டுரையில நாலு மார்க்கு கூடப் போட்டுருங்க டீச்சர். பிள்ள பாஸாயிரும். எழுத்துல ஒண்ணும் வேண்டாம்."

"கட்டுரையில எந்த வரிக்கு சார் அந்த நாலு?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"இது என் கைக்கு வந்துது, பாத்துட்டேன். மத்த கட்டுல இதே மாதிரி எழுதின பிள்ளைக்கு யாரு கட்டுரையில போடுவா?"

"வெள்ளம்னு எழுதின ஆயிரம் பேருக்கும் குறைக்கணுமே. அதுல எத்தனை தவறும்?" என்றேன். உண்மையில் அது என் பயத்துக்குக் கிடைத்த சாக்கு.

அவர் அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "கருமேகத்தைக் காட்டி எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது பகுதியில இருக்கிற வரிதான். அதுகளுக்குக் குறைக்கப்படாது. குறிப்பு தப்பானது நம்ம தப்பு. ஒம்பதுக்குச் சைபர் வாங்கின தாளை மட்டும் திரும்பப் பாப்போம். அது எவ்வளவு வரும்? நூறு வருமா?"

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்தப் பகுதியை நாலு தடவை படித்தேன். நாலாம் தடவையும் கருமேகத்தில் கண் நின்றது. கையால் அந்த வரியை மறைத்துக்கொண்டு படித்தேன். அப்போதுதான் குரங்கு தெரிந்தது.

பதிவேட்டை எடுத்து எழுதினேன்: 'ஒன்பதாம் வினாவுக்கு நான் அளித்த விடைக்குறிப்பு தவறானது. பகுதியின் ஆறாம், ஏழாம் வரிகள் காண்க.' கையெழுத்தும் தேதியும் போட்டேன். டீச்சர் நின்றுகொண்டே வாசித்துவிட்டு, "சரி" என்றார். பாராட்டு ஏதும் சொல்லவில்லை.

சைபர் வாங்கிய தாள்கள் எண்பத்தொன்பது. மறுநாள் காலையில் ஆறு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். தேனீ என்று எழுதியவை நாலு. மற்ற மூன்றும் ஏற்கெனவே தேறியிருந்தவை. அந்த நாலு மதிப்பெண்ணால் பிழைத்தது 217 மட்டும்தான். நம்பிராஜன் முனகிக்கொண்டே பார்த்தாலும், மூன்றாவது தேனீயைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "அண்ணாச்சி, இன்னொண்ணு பறந்து வருது!" என்று கூவினார்.

திருநெல்வேலியிலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் எங்கள் இருவரையும் திருத்தக் கூப்பிடவில்லை. "நல்லதாப் போச்சு, லீவுக்கு ராயகிரி போயிட்டு வரலாம்" என்றார் டீச்சர். அந்தப் பெண் யார் என்று அவர் கடைசி வரை விசாரிக்கவில்லை. எண்ணை வைத்துக்கொண்டு பேரைத் தேடுவது முறையல்ல என்பார்.

ஆனால் ஐம்பத்தொன்பதில் தேர்வு முடிவு வந்த அன்று பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் அவரைப் பார்த்தேன். அவருக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. எனக்கும் கிடையாது. தேறியவர்களின் எண்கள் உள்ள தாளை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மேலிருந்து ஒவ்வோர் எண்ணாக விரலை இறக்கிக்கொண்டே வந்தார். 209, 212, 216. பிறகு நிறுத்தினார். பசை ஈரம் விரலில் ஒட்டியது. அவர் விரலை எடுக்கவில்லை.

"இருக்கு சார்," என்றார். "வந்து பாருங்க."