குப்பையில் கிடந்த வாழ்த்து

பள்ளிக்கூட அலுவலகக் கணினியில் அன்றைக்குக் கண்ட எண் இன்னும் கண்ணில் நிற்கிறது. படிக்காத மெயில்கள் பதினோராயிரத்துச் சொச்சம். கேரளத்தில் பாறசாலைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் பள்ளிக்கூடம் அது. மஸ்கட்டில் பதினெட்டு வருடம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், அங்கே கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தலைமையாசிரியையும் அந்த மாதம்தான் பொறுப்பேற்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார், நான் டீச்சர் என்பேன். எண்ணைப் பார்த்து நான் தலையில் கை வைக்க, அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “இவ்வளவு பேரு நமக்கு எழுதியிருக்காவளா?” என்றார். கேலியாக இல்லை, நிஜமான சந்தோஷத்தோடு.

அந்தச் சந்தோஷம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சில நாட்களில் தெரிந்துவிட்டது. வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் டீச்சர் பதில் எழுதினார். கூரைத் தகடு விற்கிறவருக்கு, எங்கள் பள்ளிக்கூடம் ஓடு போட்டது, ஒழுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினார். சிங்கப்பூர்ச் சுற்றுலாவுக்கு அழைத்தவர்களுக்கு, பிள்ளைகளைத் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போவதே பெரும்பாடு என்று விளக்கினார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். “வேண்டாமெங்கில் வேண்டாம்னு சொல்லணும் அண்ணே. மிண்டாம இருந்தா அவிய காத்துக் கெடப்பாவ” என்றார். காத்துக் கிடக்கிறவர் யாரும் இல்லை, பாதியும் இயந்திரம் அனுப்புவது என்று எவ்வளவு சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பதில் போன இடங்களெல்லாம் இங்கே ஆள் உண்டு என்று தெரிந்துகொண்டு முன்னிலும் மும்முரமாக எழுதத் தொடங்கின. அந்த வெள்ளத்தில் மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று முங்கிப்போய், டீச்சர் நெய்யாற்றின்கரையில் உள்ள கல்வி அலுவலகத்துக்கு நேரில் போய் விளக்கம் சொல்லிவிட்டு வர வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் கணினியை என் பக்கம் திருப்பிவைத்தார். இனி உங்கள் பாடு என்று அர்த்தம்.

எனக்கு அது பிடித்த வேலை. ஒரு மாதம் உட்கார்ந்து பழையதை எல்லாம் ஒதுக்கினேன். இன்னாரிடமிருந்து வருவது இன்ன இடத்துக்கு என்று பிரித்துப் பெயர் போட்டேன். விளம்பர மெயில்களின் அடியில், இனி அனுப்ப வேண்டாம் என்று விலகிக்கொள்ள ஒரு இடம் இருக்கும். தெரிந்த கம்பெனிகள் என்றால் அங்கே போய் விலகுவேன். தெரியாத ஆட்கள் என்றால் அதைத் தொடாமல் ஸ்பாமில் தள்ளுவேன். விலகும்போது சிலர் காரணம் கேட்பார்கள். அந்தச் சின்னக் கட்டத்தைக் கண்டதும் டீச்சருக்கு உயிர் வந்தது. அதை மட்டும் எனக்கு விட்டுத் தாருங்கள் என்று வாங்கி, உங்கள் தையல் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, எங்களிடம் ஏற்கெனவே இரண்டு உண்டு என்கிற மாதிரி நாலு வரி எழுதி, மனசாரப் பிரிந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் ஒரு ஃபில்டர் போட்டேன். தலைப்பில் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்று வந்தால் நேரே குப்பைக்குப் போய்விடும். மஸ்கட்டில் என்னோடு அறையில் இருந்தவர் லாட்டரி விழுந்ததாக வந்த அப்படியொரு வாழ்த்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்து, ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஃபில்டர் போட்டதை டீச்சரிடம் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அவர் குப்பையையும் ஒருமுறை திறந்து பார்ப்பார். யாரையாவது தெரியாமல் வெளியே தள்ளிவிட்டோமா என்று பார்க்கிறாராம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, இது நமக்குள்ளதாக்கும்.”

எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், காரோடு என்ற ஊரின் கடற்கரைப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து ஒரு படம் வரைந்திருந்தார்கள். அதைத் திருவனந்தபுரத்தில் நடக்கும் மாணவர் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தோம். கங்கிராஜுலேஷன்ஸ், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள் என்று அவர்கள் எழுதிய மெயில் நாலு நாளாகக் குப்பையில் கிடந்தது. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதங்கள் அன்று மாலை நாலு மணிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும். ஃபில்டரின் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் என்னைத் திட்டவில்லை. “வாழ்த்துன்னாலே களவுன்னு வச்சிட்டியளா அண்ணே?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்து பிள்ளைகளின் வீட்டாரை டீச்சர் போனில் கூப்பிட்டு வரவழைத்தார். ஆறாவது பிள்ளையின் அப்பா கடலில், அம்மா தொழிலுறுதி என்கிற நூறுநாள் வேலையில். அவர் போனை எடுக்கவில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரோட்டுக்கு ஓடினேன். தோடு என்கிற சிற்றோடை ஒன்றில் பெண்கள் வரிசையாக நின்று சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆளைக் கண்டதும் அந்த அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறி வந்து, “சார், பிள்ள வல்லதும் செஞ்சாளா?” என்றார். பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று பயந்துவிட்டார். செய்திருக்கிறாள், நல்ல காரியம் என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். அவர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்காமல், முதலில் தோட்டுத் தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, மறுபடியும் கழுவினார். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். மற்ற பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாளைக்கு முன்பே வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டிய சந்தோஷத்தை, சேற்றில் நிற்கவைத்துச் சொல்கிறேனே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க ஆறு கடிதங்களும் போய்ச் சேர்ந்தன. கண்காட்சியில் எங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பெண்பிள்ளை பெரிய அதிகாரி ஒருவரை நிறுத்திவைத்து, எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி மலையாளத்தில் கால்மணி நேரம் பேசினாள். திரும்பும் வேனில் டீச்சர் அவளைப் போலவே கையை ஆட்டிப் பேசிக் காட்ட, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். திங்கட்கிழமை முதல் வேலையாக நான் அந்த ஃபில்டரை எடுத்துவிட்டேன். வாழ்த்து எது, வலை எது என்று இப்போதும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் ஒதுக்குகிறேன். நாளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

போன ஜூனில் டீச்சருக்குத் திருப்புறம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. புதிய தலைமையாசிரியர் முதல் நாள் காலையில் கணினியைத் திறந்தார். இன்பாக்ஸில் மூன்றே மெயில்கள். அவர் பக்கத்தைப் புதுப்பித்தார், மறுபடியும் புதுப்பித்தார், மேசைக்கு அடியில் குனிந்து வயரை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், நெட் போய்விட்டதா என்று கவலையோடு கேட்டார்.

“நெட் உண்டு சார்,” என்றேன். “இன்னைக்கு நம்மகிட்ட காரியம் உள்ளவிய மூணு பேருதானாக்கும்.”